சுபமும் லாபமும்: உழைப்பவர் காட்டும் கணக்கு

(மகாவீரர் நிர்வாண நாளையொட்டி ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

கடலூரின் ஒரு பகுதியான திருப்பாதிரிப்புலியூர் முற்காலத்தில் பாடலிபுரம் என்னும் பெயருடன் சமண முனிவர்களின் கல்வி நிலையமாக விளங்கியது. சர்வநந்தி என்னும் முனிவர் பிராகிருதத்தில் இயற்றிய 'லோகவிபாகம்' என்னும் நூல் பாடலிகம் என்ற ஊரில், சக ஆண்டு 380இல், காஞ்சி மன்னன் சிம்மவர்மனின் 22ஆம் ஆட்சியாண்டில் நிறைவுற்றது. அது கி.பி. 458ஆம் ஆண்டாகும். சிம்மசூரியின் வடமொழி ஆக்கத்தின் வழியாகவே அந்நூல் இன்று கிடைக்கிறது. அதில் குறிக்கப்படும் பாடலிகம் திருப்பாதிரிப்புலியூரே என்பது அறிஞர் பலரின் கருத்து. உலகத்தின் அமைப்பையும் அளவுகளையும் கூறும் அந்நூல், இடமதிப்பு முறையும் சுழியும் பயின்று வரும் மிகப் பழைய நூல்களுள் ஒன்று. சுழியை உரிய இடத்தில் இடுவதும், எண்ணைக் கூட்டாமலும் குறைக்காமலும் எழுதுவதும் இந்த மண்ணுக்கு ஆயிரத்தைந்நூறு ஆண்டுப் பழக்கம்.

அந்தப் பழக்கம் இன்றும் மறையவில்லை. மகாவீரர் வீடுபேறு எய்திய தீபாவளித் திருநாளில் வணிகர்கள் புதுக்கணக்கு எழுதுகிறார்கள். பழைய பேரேட்டை முடித்துப் புதிய பேரேட்டின் முதற்பக்கத்தில் 'சுபம்', 'லாபம்' என்று எழுதிய பிறகே வரவு செலவு தொடங்குகிறது. சுபம் முன்னே நிற்க, லாபம் அதன் பின்னே வருகிறது. நன்மைக்குப் பின் வரும் ஊதியமே ஊதியம் என்பது அவ்வரிசையின் பொருள்.

அந்தப் பேரேட்டில் சரக்கின் விலையும், வாடகையும், வட்டியும், வரியும் பதிவாகின்றன. ஆண்டு முழுவதும் கடையைத் திறந்து மூடியவரின் உழைப்பு உரிய அளவில் பதிவாகியிருக்கிறதா என்பதே இன்றைய உரையின் பொருள். ஊதிய உயர்வையும் பதவி உயர்வையும் கேட்பது எப்படி, கேட்பவர் எதைச் சொல்ல வேண்டும், அதைச் செவிமடுப்பவர் என்ன செய்ய வேண்டும் என்பவற்றை அறநெறியின் ஒளியில் எண்ணிப் பார்க்க இந்நாள் மிகவும் ஏற்றது. இவ்வவையில் ஊதியம் வழங்குவோரும் உள்ளனர். ஊதியம் பெறுவோரும் உள்ளனர். ஒரே குடும்பத்தில் தந்தை கடை நடத்த, மகள் வேறோர் அலுவலகத்தில் பணியாற்றுவதும் உண்டு. ஆகவே இது இரு தரப்பாருக்கும் உரிய செய்தி.

கேட்பது இரத்தல் ஆகுமா?

உழைப்பில் சிறந்தோர் பலர் வாய் திறந்து கேட்பதில்லை. கேட்பது பேராசை என்று சிலரும், கேட்பது இழிவு என்று சிலரும், தம் வேலையைக் கண்டு முதலாளியே தருவார் என்று மற்றும் சிலரும் எண்ணி ஆண்டுகளைக் கடத்துகிறார்கள். சமண நெறியில் வளர்ந்தோர்க்கு இத்தயக்கம் இன்னும் மிகுதி. ஆசையை அடக்குக என்று சிறு வயது முதல் கேட்டவர்கள், ஊதியம் கூட்டுமாறு கேட்பது அந்நெறிக்கு மாறானது என்று அஞ்சுகிறார்கள்.

ஆருகதர் தம் மரபின் நூலாகப் போற்றும் திருக்குறளில் 'இரவச்சம்' என்பது 107ஆம் அதிகாரம். இரந்து வாழ்வதற்கு அஞ்சச் சொல்லும் அதே நூல், 65ஆம் அதிகாரமாகச் 'சொல்வன்மை'யையும், 70ஆம் அதிகாரமாக 'மன்னரைச் சேர்ந்தொழுதல்' என்பதையும், அதனை அடுத்துக் 'குறிப்பறித'லையும் வைத்திருக்கிறது. தலைவரிடம் பணிபுரிவோர் எப்போது பேச வேண்டும், எப்படிப் பேச வேண்டும் என்பது அறநூலுக்கு உரிய பொருளே என்பதை இவ்வைப்பு உணர்த்துகிறது. இரத்தல் என்பது கொடாத ஒன்றுக்கு ஈடாக ஒன்றைப் பெற நினைப்பது. ஊதியம் கேட்பவரோ முன்பே கொடுத்துவிட்டார். தம் நாளையும், உடல் வலிமையையும், அறிவையும் கொடுத்தவர் அதற்கு உரிய மதிப்பைக் கேட்பது கணக்குக் காட்டுதலே அன்றி இரத்தல் ஆகாது.

இல்லறத்தார்க்கு உரிய அணுவிரதங்கள் ஐந்து. அவற்றுள் பொய்யாமை கேட்பவர்க்கு முதன்மையானது. செய்யாததைச் செய்ததாகக் கூறலாகாது. செய்ததை மறைத்தலும் முழு உண்மை ஆகாது. கள்ளாமை இரு தரப்பார்க்கும் பொது. தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் இயல், விரதங்களுக்கு நேரும் குற்றங்களை ஐந்து ஐந்தாக எண்ணிக் காட்டுகிறது. கள்ளாமைக்கு நேரும் குற்றங்களுள் ஒன்று, குறைந்த அளவையும் மிகுந்த அளவையும் வைத்து வாங்கி விற்பது. கொல்லாமைக்கு நேரும் குற்றங்களுள் இரண்டு, அளவுக்கு மீறிய சுமையை ஏற்றுவதும், உணவையும் நீரையும் தடுப்பதும். வண்டி மாட்டுக்கு இவ்வளவு இரக்கம் காட்டச் சொன்ன நெறி, அதே வண்டியை ஓட்டும் மனிதரின் சுமையை மட்டும் அளவின்றி ஏற்ற இசையுமா? ஒருவர் வேலையை இருவர் செய்வதும், இருவர் வேலையை ஒருவர் மீது ஏற்றுவதும் அளவுகோல் பிழைத்த செயல்களே.

ஐந்து பவுன் ஊதியத்தின் கதை

உரிய ஊதியம் வழங்காமை எங்கே கொண்டு செல்லும் என்பதற்குக் கடலூரிலேயே ஒரு வரலாற்றுச் சான்று நிற்கிறது. தேவனாம்பட்டினத்தில் சிதைந்து கிடக்கும் புனித டேவிட் கோட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனி 1690இல் மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கியது. 1744இல் இராபர்ட் கிளைவ் என்னும் இளைஞர் அக்கம்பெனியின் எழுத்தராகச் சென்னையில் வந்து இறங்கினார். எழுத்தருக்கு ஆண்டு ஊதியம் ஐந்து பவுன். 1746இல் பிரெஞ்சுப் படை சென்னையைக் கைப்பற்றவே, கிளைவ் மாறுவேடத்தில் தப்பிக் கடலூர்க் கோட்டைக்கு வந்து சேர்ந்தார். 1747இல் அவருக்கு என்சைன் என்னும் கடைநிலைப் படையதிகாரிப் பதவி கிடைத்தது. எழுதுகோலை விட்டு வாளை ஏந்திய அந்த மாற்றம் இக்கடற்கரையில் நிகழ்ந்தது.

ஐந்து பவுனைக் கொண்டு எந்த எழுத்தரும் வாழ முடியாது என்பதைக் கம்பெனியும் அறிந்திருந்தது. ஆகவே ஊழியர்கள் தம் சொந்த வணிகத்தை நடத்திக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டது. ஊதியத்தைக் குறைத்துவிட்டு, மீதியை ஊழியரே எப்படியேனும் தேடிக்கொள்ளட்டும் என்பது அதன் பொருள். விளைவு யாவரும் அறிந்ததே. படைக்கு உணவுப்பொருள் வாங்குவதில் தரகு, மன்னர்களிடம் பரிசு, உள்நாட்டு வணிகத்தில் வரியின்றிக் கொள்ளை என்று அது வளர்ந்தது. கம்பெனியின் பேரேட்டில் சம்பளச் செலவு குறைவாகத் தெரிந்தது; ஆனால் அதன் உண்மையான விலையை வங்காளத்து உழவரும் நெசவாளரும் செலுத்தினர். கிளைவ் 1772, 1773ஆம் ஆண்டுகளில் தம் செல்வத்தைக் குறித்துப் பிரிட்டிஷ் நாடாளுமன்ற விசாரணைக்கு விடை கூற நேர்ந்தது.

1786இல் தலைமை ஆளுநராக வந்த காரன்வாலிஸ் நோயின் வேரைக் கண்டார். மாவட்டக் கலெக்டரின் ஊதியத்தை மாதம் 1,500 ரூபாயாக உயர்த்தி, வசூலான வரியில் நூற்றுக்கு ஒரு பங்கையும் அளித்து, சொந்த வணிகத்தைத் தடை செய்தார். அவருடைய ஆட்சியில் குறைகளும் பல. இந்தியர்களை உயர்பதவிகளிலிருந்து விலக்கியது அவற்றுள் பெரிது. எனினும், நேர்மையை எதிர்பார்ப்பவர் அந்நேர்மையுடன் வாழப் போதுமான ஊதியத்தைத் தர வேண்டும் என்ற உண்மை அன்று நிலைநாட்டப்பட்டது. பணியாளரிடம் கள்ளாமையை எதிர்பார்க்கும் கடைக்காரர், முதலில் தம் பேரேட்டில் அதற்கு இடம் வைக்க வேண்டும்.

கேட்பவர் எழுத வேண்டிய கணக்கு

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனையாக வைத்துக்கொள்ளலாம். கடலூர்ப் பழைய நகரத்தில் ஒரு மொத்த வணிகக் கடை. அங்கே பன்னிரண்டு ஆண்டுகளாகப் பணிபுரியும் ஒரு கணக்கர். மூன்றாண்டுகளாக அவர் ஊதியம் மாதம் 18,000 ரூபாய், மாற்றமில்லை. விலைவாசி ஆண்டுக்கு 5 விழுக்காடு உயர்வதாகக் கொண்டால், மூன்றாண்டு முடிவில் அந்த 18,000 ரூபாய், முன்னாளில் ஏறத்தாழ 15,550 ரூபாய்க்குக் கிடைத்த பொருள்களையே வாங்கித் தரும். பழைய நிலையிலேயே நிற்க வேண்டுமானாலும் அவருக்கு இன்று 20,837 ரூபாய் தேவை. ஆகவே 20,800 ரூபாய் தருவது உயர்வு அன்று; குறைந்ததை மீட்டுத் தருவது மட்டுமே. இச்சிறு கணக்கைக் கடையின் உரிமையாளர் சரக்குக்கு நாள்தோறும் போடுகிறார். உழைப்புக்கு மட்டும் யாரும் போடுவதில்லை.

அந்தக் கணக்கர் தீபாவளிக்கு முதல் நாள் மாலை, கூட்டம் நெரியும் வேளையில், வீட்டு வாடகை கூடிவிட்டது, மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டும் என்று தயங்கித் தயங்கிக் கூறுகிறார். உரிமையாளர் இரக்கமுள்ளவர். ஐயாயிரம் ரூபாயும் ஓர் இனிப்புப் பெட்டியும் கொடுத்து அனுப்புகிறார். இருவரும் மனநிறைவுடன் பிரிகிறார்கள். ஆனால் தை மாதத்தில் கணக்கர் அதே 18,000 ரூபாயில் நிற்கிறார். அவர் கேட்டது ஊதியம், பெற்றது தானம். தேவையைச் சொன்னதால் தேவைக்கு விடை கிடைத்தது. மதிப்பைச் சொல்லியிருந்தால் மதிப்பைப் பற்றிய பேச்சு எழுந்திருக்கும்.

வீட்டின் துன்பம் உண்மையானதே. எனினும் அது ஊதியத்திற்குச் சான்று ஆகாது. மூன்று பிள்ளைகள் உள்ளவருக்கும் பிள்ளைப்பேறு இல்லாதவருக்கும் ஒரே வேலைக்கு ஒரே ஊதியமே முறை. கேட்பவர் காட்ட வேண்டியது தம் பணியின் வரவு. எத்தனை பற்றுச்சீட்டுகள், எவ்வளவு நிலுவை வசூல், ஜி.எஸ்.டி. கணக்கு எத்தனை மாதம் தாமதக் கட்டணம் இன்றிச் செலுத்தப்பட்டது, எந்தப் பிழை கண்டுபிடிக்கப்பட்டு எவ்வளவு பணம் மிஞ்சியது, பணியில் சேர்ந்த நாளில் இல்லாத எந்தெந்தப் பொறுப்புகள் பின்னர் வந்து சேர்ந்தன என்பவற்றை ஆண்டு முழுவதும் ஒரு சிறு குறிப்பேட்டில் தேதியிட்டு எழுதி வர வேண்டும். கேட்கும் வாரத்தில் நினைவிலிருந்து எழுதினால் பாதி விடுபடும், மீதி மிகைப்படும்.

அடுத்தது, ஊர் வழக்கு. அதே வேலைக்கு அதே ஊரில் பிற இடங்களில் என்ன தருகிறார்கள் என்பதை அறிந்து வைத்துக்கொள்வது நேர்மையான செயல். சென்னையில் தருவதைச் சிதம்பரத்தில் எதிர்பார்ப்பதும், கடலூர் சிப்காட் தொழிற்சாலை ஊதியத்தைச் சிறு கடையில் எதிர்பார்ப்பதும் அளவுகோலை மாற்றிப் பிடிப்பதாகும். உடன் பணிபுரியும் ஒருவரின் பெயரைச் சொல்லி, அவரை விடத் தாம் சிறந்தவர் என்று நிறுவ முயல்வதும் வேண்டாத செயல். அது புறங்கூறலாகி, ஊதியம் கூடினாலும் நட்பைக் குறைத்துவிடும்.

வேளையும் இடமும் குறிப்பறிதலின் பாற்பட்டவை. திருவிழா நெரிசலிலும், சரக்கு இறங்கும் பொழுதிலும், உரிமையாளர் இழப்பால் மனம் நொந்திருக்கும் நாளிலும் இப்பேச்சைத் தொடங்கலாகாது. "முதலாளி, என் வேலை பத்தி உங்ககிட்ட தனியா பதினைஞ்சு நிமிஷம் பேசணும். உங்களுக்கு எந்த நாள் தோதுப்படும்?" என்று முன்கூட்டியே கேட்டு வைப்பது இருவர்க்கும் மதிப்பு. பேச்சின்போது ஒரு தாளில் ஐந்தாறு வரிகளாகப் பணியின் சுருக்கத்தை எழுதிக் கொடுத்து, எதிர்பார்க்கும் தொகையை ஒரே எண்ணாகச் சொல்ல வேண்டும். "ஏதாவது பார்த்துச் செய்யுங்கள்" என்பது பணிவு போலத் தோன்றினும், முடிவு செய்ய வேண்டிய சுமையைப் பிறர் மேல் இறக்கி வைப்பதே ஆகும். சொல்லியபின் அமைதியாக இருக்க வேண்டும். மறுமொழிக்கு முன்பே தாமாகத் தொகையைக் குறைத்துக்கொள்வதும், வேலையை விட்டு விலகுவதாக அச்சுறுத்துவதும் தவறு. வேறிடத்தில் வேலை உண்மையாகவே கிடைத்திருந்தால் அதனை மறைக்காமல் கூறலாம். கிடைக்காததைக் கிடைத்ததாகக் கூறின் பொய்யாமை என்னும் விரதம் அங்கேயே முறிகிறது.

திருக்கோவலூருக்கு வந்த குறிப்பேடு

கணக்குக் காட்டுதலின் வலிமைக்கு ஒரு பெரியவரின் வாழ்வே சான்று. 1910இல் கணித மேதை சீனிவாச இராமானுஜன் வேலை தேடித் திருக்கோவலூருக்கு வந்தார். அந்நாளில் அவ்வூர், கடலூரைத் தலைநகராகக் கொண்ட தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. இந்தியக் கணிதக் கழகத்தை 1907இல் நிறுவிய வி. இராமசாமி ஐயர் அங்கே துணைக் கலெக்டராக இருந்தார். இராமானுஜன் கேட்டது ஓர் எழுத்தர் பணி. வறுமை அவரிடம் நிறைய இருந்தது. ஆனால் அவர் எடுத்துக் காட்டியது தம் கணிதக் குறிப்பேட்டை. அதனைப் பார்த்த ஐயர், வருவாய்த் துறையின் கீழ்ப்படியில் அவரை இருத்தி அவ்வறிவை அணைத்துவிட மனமின்றி, சென்னையிலுள்ள கணித அறிஞர்களுக்குப் பரிந்துரை எழுதி அனுப்பினார்.

1912 மார்ச்சு மாதம் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு அவர் எழுத்தரானார். அங்கே மேலதிகாரிகளாக இருந்த எஸ். நாராயண ஐயரும் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் அவர் தகுதியை எடுத்துரைத்தனர். 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை வழங்கியது. முப்பது எழுபத்தைந்தாக மாறியதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, கையில் எழுதி வைத்த சான்று. மற்றொன்று, கீழ்நிலை ஊழியரின் தகுதியைத் தம் தகுதிக்குக் குறைவாக எண்ணாமல் மேலிடத்திற்கு எடுத்துச் சென்ற அதிகாரிகள். இராமானுஜனைப் போன்றோர் அரியர். எனினும் அந்த அதிகாரிகளைப் போல நடப்பது எல்லா அலுவலகங்களிலும் எல்லார்க்கும் இயலும்.

பதவியும் தகுதியும்

ஊதிய உயர்வு, செய்த பணிக்கான மதிப்பு. பதவி உயர்வு, செய்யப்போகும் பணிக்கான நம்பிக்கை. இரண்டுக்கும் காட்ட வேண்டிய சான்று வேறு. நீண்ட காலம் இருந்தேன் என்பது மட்டும் பதவி உயர்வுக்குப் போதாது. மேற்பதவியின் பணிகளுள் எவற்றை இப்போதே செய்து வருகிறார் என்பதைக் காட்ட வேண்டும். சிதம்பரத்தில் ஓர் அலுவலகத்தில் மேற்பார்வையாளர் விடுப்பில் செல்லும்போதெல்லாம் ஒரு பெண் ஊழியரே அவ்வேலையைப் பார்க்கிறார் என்று கொள்ளலாம். புதியவர்களுக்குக் கற்றுக்கொடுப்பவரும் அவரே. பதவி மட்டும் பழையது. "அக்கா பார்த்துக்கொள்வார்" என்னும் அன்பான சொல்லுக்குள் அவர் உழைப்பு மறைந்து போகிறது. மேற்பார்வை செய்த நாள்களையும் பயிற்றுவித்தவர்களின் எண்ணிக்கையையும் எழுதிக் காட்டினால் அந்த அன்புச் சொல் பதவியாக மாற வழி பிறக்கும். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒத்த வேலைக்கு ஒத்த ஊதியம் என்பதை 1976ஆம் ஆண்டுச் சட்டமே வரையறுத்தது.

தகுதியைத் தேடுவோருக்குச் சிதம்பரம் நெடுங்காலமாக வாயிலாக இருந்து வருகிறது. 1929இல் நிறுவப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979இல் தொலைநிலைக் கல்வியைத் தொடங்கியது. பகலில் வேலை பார்த்து இரவில் படித்துப் பட்டம் பெற்றுப் பதவி உயர்வு அடைந்தோர் தமிழகமெங்கும் உள்ளனர். ஆனால் சான்றும் அசைக்க முடியாததாக இருக்க வேண்டும் என்பதற்கும் அப்பல்கலைக்கழகம் தொடர்பான ஒரு வழக்கே எடுத்துக்காட்டு. இளநிலைப் பட்டம் இன்றியே திறந்தநிலை முறையில் பெற்ற முதுகலைப் பட்டம், மாநில அரசுத் திரைப்படக் கல்வி நிறுவனத்தின் முதல்வர் பதவிக்குத் தகுதி ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2009இல் தீர்ப்பளித்தது. படித்தவரின் உழைப்பு பொய்யன்று. எனினும் அடிப்படையான படி ஒன்று விடுபட்டிருந்தது. பதவிக்கு எந்தத் தகுதி வேண்டும் என்பதை முன்னரே எழுத்தில் கேட்டறிந்து, அதன்பின் பணமும் காலமும் செலவிடுவதே அறிவுடைமை.

நிறுவனத்தின் நிலையையும் எண்ண வேண்டும். 2012இன் இறுதியில் அதே பல்கலைக்கழகம் கடும் நிதி நெருக்கடிக்கு உள்ளானது. ஆட்குறைப்பு, ஊதியக் குறைப்பு என்ற பேச்சு எழ, ஆசிரியரும் அலுவலரும் வீதிக்கு வந்தனர். 2013இல் அரசு ஆட்சியாளரை அமர்த்தி, தனிச்சட்டம் இயற்றிப் பல்கலைக்கழகத்தைத் தன் பொறுப்பில் எடுத்தது. தேவைக்கு மிகுதியாக இருந்த பணியாளர்கள் பின்னர் அரசுக் கல்லூரிகளுக்கும் பிற துறைகளுக்கும் அனுப்பப்பட்டனர். பிறந்து வளர்ந்த ஊரை விட்டு வெளியூர்ப் பேருந்து ஏறிய குடும்பங்களின் துயரம் சிதம்பரத்தார் அறிந்ததே. வருவாயும் பணியாளர் எண்ணிக்கையும் பொருந்தாத பேரேடு, ஒருநாள் உழைத்தவர் தலையில்தான் விழுகிறது. அநேகாந்தம் என்பது ஒரு பொருளைப் பல பக்கமிருந்தும் காண்பது. உழைப்பவர் நிறுவனத்தின் பக்கமிருந்தும், நிறுவனத்தார் உழைப்பவரின் பக்கமிருந்தும் ஒருமுறை கணக்கைப் புரட்டிப் பார்த்தால் பேச்சு வழக்காடலாக மாறாது.

செவிமடுப்பவரின் கடமை

கேட்டதை எல்லாம் கொடுக்க எந்தக் கடையாலும் இயலாது. இயலாமையைக் கூறுவதிலும் அறம் உண்டு. முதலாவது, கேட்பதை நன்றி மறத்தலாகக் கருதலாகாது. கேட்காமல் வேறிடம் செல்பவரை விடக் கேட்டுவிட்டுத் தங்க விரும்புபவர் கடைக்கு நெருக்கமானவர். இரண்டாவது, "பார்க்கலாம்" என்ற ஒரு சொல்லில் பல ஆண்டுகளைப் புதைத்துவிடலாகாது. இப்போது இயலாதெனில் காரணத்தைக் கூறி, எப்போது மீண்டும் பேசலாம் என்பதற்கு ஒரு தேதியும், அதற்குள் எதனைச் செய்து காட்ட வேண்டும் என்பதற்கு ஓர் அளவும் சொல்ல வேண்டும். கேட்டவரும் அத்தேதியைக் குறித்துக்கொண்டு உரிய நாளில் நினைவூட்டலாம்.

மூன்றாவது, ஊதியத்தையும் தானத்தையும் கலக்கலாகாது. தீபாவளிப் போனஸ் இனாம் அன்று. 1965ஆம் ஆண்டுப் போனஸ் சட்டம், அதன் வரம்புக்குள் வருவோருக்கு ஆண்டு ஊதியத்தில் குறைந்தது 8.33 விழுக்காடும், மிகுந்தால் 20 விழுக்காடும் என்று வகுத்தது. 8.33 விழுக்காடு என்பது பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது ஒரு மாத ஊதியம். கடையில் நிற்போருக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழகச் சட்டமன்றம் 2021இல் கடைகள் சட்டத்தைத் திருத்தியது. நாள் முழுதும் நிற்க வைப்பதும் அளவுக்கு மீறிய சுமையே என்று விரதம் பேணுவோர் சட்டத்திற்கு முன்பே உணர்ந்திருக்க வேண்டும். ஆலயத் திருப்பணிக்கும், பசுக்காப்பகத்திற்கும், அன்னதானத்திற்கும் வழங்கும் கைகள் புண்ணியம் செய்த கைகள். அந்நன்கொடையின் ஒரு பகுதி, பணியாளருக்குத் தர வேண்டியதைத் தராமல் மிஞ்சியதாக இருப்பின், கொடுத்தவர் பெயர் கல்வெட்டில் இருக்கும். கொடுத்த பொருள் வேறொருவருடையதாக இருக்கும். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஆச்சாரிய ஏமச்சந்திரர் தம் யோகசாத்திரத்தில் இல்லறத்தார்க்கு உரிய முப்பத்தைந்து பண்புகளை எண்ணும்போது, நியாயமான வழியில் ஈட்டிய செல்வத்தையே முதலில் வைத்தார். தானம் அதன் பின்னரே வருகிறது.

கேட்பதற்கும் எல்லை

ஊதிய உயர்வு கேட்பது மிகுபொருள் விரும்பாமைக்கு முரண் அன்றோ என்ற ஐயம் எஞ்சியிருக்கலாம். அவ்விரதம் இல்லறத்தாரைப் பொருளின்றி இருக்கச் சொல்லவில்லை. பொருளுக்கு ஓர் எல்லையை வரையச் சொல்கிறது. எல்லையை வரைய வேண்டுமானால் உரியது முதலில் கையில் வர வேண்டும். இராமானுஜனின் வாழ்வே இதற்கும் விளக்கம் தருகிறது. 30 ரூபாய் எழுத்தராக இருந்தவருக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் பின்னாளில் ஆண்டுக்கு 250 பவுன் வழங்க முன்வந்தது. 1919 ஜனவரியில் அவர் அதன் பதிவாளருக்கு எழுதிய கடிதத்தில், அத்தொகை தம் தேவையை விட மிகுதி என்றும், பெற்றோருக்கு ஆண்டுக்கு 50 பவுன் கொடுத்துத் தம் செலவும் போக எஞ்சியதை ஏழை மாணவரும் ஆதரவற்ற சிறுவரும் கல்வி பெறப் பயன்படுத்துமாறும் கேட்டுக்கொண்டார். உரியதைக் கேட்கத் தயங்காதவர், போதும் என்று சொல்லவும் தயங்கவில்லை. அவர் சமணர் அல்லர். எனினும் அக்கடிதத்தில் அணுவிரதத்தின் பொருள் நிறைந்திருக்கிறது.

புதுக்கணக்கு எழுதும் இந்நாளில், கடை நடத்துவோர் பேரேட்டின் முதற்பக்கத்தை எழுதி முடித்ததும், தம்மிடம் பணிபுரிவோரின் பெயர்களை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொருவருக்கும் கடைசியாக ஊதியம் உயர்ந்த ஆண்டை எதிரே குறிக்கலாம். அந்த ஆண்டு நினைவுக்கு வரவில்லை எனில், பேசத் தொடங்க வேண்டியது முதலாளியே. பணிபுரிவோர் இன்றே ஒரு குறிப்பேடு வாங்கி முதல் வரியை எழுதலாம். பரியூஷண நாள்களில் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கோரும் மரபு இச்சமூகத்தின் பெருஞ்செல்வம். அவ்வேளையில் கடைப் பணியாளரிடமும் கைகூப்பும் முதலாளிகள் பலர் உண்டு. கூப்பிய அக்கைகள் பேரேட்டைத் திறந்து பிழையான எண்ணைத் திருத்தும்போதுதான் அம்மன்னிப்பு நிறைவு பெறும். 'சுபம்' என்ற சொல்லுக்குப் பின் 'லாபம்' என்று எழுதும் உரிமையும் அப்போதே கிடைக்கும்.

அனைவர்க்கும் நிர்வாணத் திருநாள் வாழ்த்துகள். அறம் வெல்க.